நெற்றியில் பாரம், கண்ணுக்குள் வெளிச்சம்: ஆசிரியர் வேண்டுமா, வேண்டாமா?

கேள்விக்குறி

வணக்கம். யூடியூப் பார்த்து, நெற்றிப்பொட்டில் கவனம் வைத்து, தினம் 40 நிமிடம் உட்காரும் ஒருவருக்கு ஆறு வாரத்தில் மூன்று விஷயம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புருவ மத்தியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம், எழுந்து வேலைக்குப் போன பிறகும் விடாது. கண்ணை மூடினால் நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். இருபதாவது நிமிடம் வாக்கில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம், அலாரம் அடித்தால்தான் திரும்பி வருவது.

இது முன்னேற்றமா, கோளாறா? இதற்குமேல் போக ஆசிரியர் கட்டாயமா? கட்டாயம் என்றால் எங்கே போவது, 10 நாள் விபஸ்ஸனா மௌன முகாமா, மனவளக்கலை மன்றமா, திருவண்ணாமலையா? அனுபவக் கதை நிறையப் படித்தாயிற்று. செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழியாற்றுக்காரர்

பாரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை முறையில் ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டு ஆக்கினை தீட்சை கொடுத்ததுமே பலருக்கு அங்கே குறுகுறுப்போ துடிப்போ தெரியும். அது அந்தப் பயிற்சியில் எதிர்பார்க்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆக்கினையோடு யாரையும் விட்டுவிட மாட்டார்கள். அடுத்த படியே சாந்தி தவம். கவனத்தை முதுகுத்தண்டின் அடிநுனிக்கு, மூலாதாரத்துக்கு இறக்குவது. தலையில் சூடு, பாரம், எரிச்சல் என்று வருகிறவருக்கு மன்றத்தில் முதலில் சொல்வது இதுதான். மேலே ஏற்றத் தெரிந்தவனுக்குக் கீழே இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். யூடியூபில் ஏற்றுகிற வீடியோ ஆயிரம் கிடக்கும், இறக்குகிற வீடியோவை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, இதைச் சக்தி, குண்டலினி என்று நினைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இடம்: இரண்டு புருவத்துக்கும் நடுவில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, மூடிய இமைக்குள் கருவிழி மேலே ஏறி நடுவில் சேர்ந்திருக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா. பத்தில் எட்டு பேருக்கு இதில் ஒன்றாவது இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். நெற்றியில் 'கவனம் வை' என்றால் கண்ணால் அங்கே பார்க்க முயல்கிறார்கள். 40 நிமிடம் மாறுகண் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் நெற்றி வலிக்கும். கவனம் என்பது தொடு உணர்வு. ஈ உட்கார்ந்தால் அந்த இடம் தெரியுமே, அப்படி. கருவிழி தளர்ந்து, கொஞ்சம் கீழே பார்த்த மாதிரி கிடக்கட்டும்.

பாரம் எழுந்த பிறகும் விடவில்லை என்பதால், இரண்டு வாரம் ஆக்கினையை மொத்தமாக நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் மூலாதாரத்தில் மட்டும். அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் உட்கார்ந்திருக்கும் விரிப்பு பட்டுக்கொண்டிருக்கிற இடத்தை உணர்ந்தாலே போதும். குறையவில்லையென்றால் கண் மருத்துவர், இரத்த அழுத்தம், சைனஸ் மூன்றையும் பார்த்துவிட்டு மன்றத்துக்குப் போங்கள்.

மூன்றாம்மாடி

வெளிச்சத்துக்கு வருகிறேன். ஆசிரியர் எதற்கு என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஒரே வெளிச்சம். மூன்று பள்ளிகளில் மூன்று வேறு கட்டளை.

பர்மாவின் பா-அவுக் வழியில் மூச்சில் கவனம் நிலைத்த பிறகு வருகிற வெளிச்சத்தை நிமித்தம் என்பார்கள். அது மூச்சோடு ஒன்றி, அசையாமல் நின்றால், அதையே பொருளாகப் பிடித்து ஆழமான சமாதிக்குப் போகச் சொல்வார்கள். மஹாசி சயடா (1904–1982) வழியில் 'பார்த்தல், பார்த்தல்' என்று மனதில் குறித்துவிட்டு வயிற்றின் ஏற்ற இறக்கத்துக்குத் திரும்ப வேண்டும். 10 நாள் விபஸ்ஸனா முகாம்களின் கோயங்கா வழியில் குறிக்கக்கூட வேண்டாம், கண்டுகொள்ளாமல் உடல் உணர்ச்சியோடு இரு, அவ்வளவுதான்.

இதில் எதுவும் தவறில்லை, ஒவ்வொன்றும் அதனதன் இலக்குக்குச் சரியான கட்டளை. ஆனால் காலையில் ஒரு வீடியோ, மாலையில் இன்னொன்று என்று பார்க்கிறவர் காலையில் வெளிச்சத்தைப் பிடிக்கிறார், மாலையில் விடுகிறார். மூன்று மாதத்தில் இரண்டுமில்லை. 'ஏதோ வந்தது, இப்போது வரமாட்டேன் என்கிறது' என்ற புலம்பல் மட்டும் மிச்சம்.

இந்த மாதிரி அனுபவங்களுக்குத் தேரவாத பௌத்தத்தில் பழைய பட்டியலே இருக்கிறது. விபஸ்ஸனா உபக்கிலேசம், அதாவது உள்நோக்கில் வந்து ஒட்டும் மாசுகள், பத்து. வெளிச்சம், கூர்மையான அறிவு, பரவசம், அமைதி, இன்பம், அசையாத நம்பிக்கை, உற்சாகம், தெளிந்த நினைவு, சமநிலை, கடைசியாக இவற்றின் மேல் வரும் மெல்லிய ஆசை. கவனியுங்கள், பத்தில் ஒன்பது நல்ல சரக்கு. பத்தாவது வந்து சேர்ந்ததும்தான் ஒன்பதும் மாசாகிறது. பழைய ஆட்கள் கணக்குப்படி வெளிச்சம் கோளாறல்ல, ஞானோதயமுமல்ல. நடுவழியில் வரும் ஊர். அங்கேயே வீடு கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

கேள்விக்குறி

அப்படியானால் ஆசிரியர் அனுபவத்தைத் தருவதில்லை, வந்ததை என்ன செய்வது என்று சொல்லத்தான் தேவை. சரியாகப் புரிந்துகொண்டேனா?

மூன்றாம்மாடி

சரி. திருத்துவதுதான் அவர் வேலை. 'அனுபவம் தருகிறேன் வா' என்கிறவரிடம் போனால் அவர் தருவதைத்தான் வாங்கி வர முடியும்.

கிரிவலப்பாதை

மூன்றாவது விஷயம், அந்த 'ஒன்றுமே இல்லாத இடம்'. மூன்றிலும் இதுதான் ஆபத்தானது என்பேன், ஏனென்றால் வலிக்காது. பாரம் வந்தால் ஆள் ஓடிப்போய்க் கேட்பார். இதில் யாரும் கேட்பதில்லை, சுகமாக இருக்கிறதே.

ரமணர் இதற்கு இரண்டு சொல் வைத்திருந்தார். மனோலயம், மனோநாசம். நாசம் என்றால் மனம் அடியோடு அழிவது. லயம் என்றால் மனம் தற்காலிகமாக அடங்கிக் கிடப்பது. எழுந்ததும் வாசனைகள், அதாவது பழைய மனப்பழக்கங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். கங்கைக் கரையில் நெடுங்காலம் சமாதியில் கிடந்த ஒரு யோகி கண் விழித்ததும் முதல் வேலையாகச் சீடனிடம் தண்ணீர் கேட்டான், உட்காரும்முன் கேட்ட அதே தண்ணீர் என்று ஒரு கதை சொல்வார். பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யும், ஆனால் நாசம் செய்யாது என்பதும் அவர் தெளிவாகச் சொன்னது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அலாரம் அடித்த உடனே இதைக் கேளுங்கள்: கடைசி ஐந்து நிமிடத்தில் வெளியிலிருந்து சத்தம் ஏதாவது காதில் விழுந்ததா? தலை கவிழ்ந்திருந்ததா? வாயோரம் ஈரமா? சத்தம் விழவில்லை, தலை கவிழ்ந்திருந்தது என்றால் அது பெரும்பாலும் தூக்கம்தான், பெயர் மட்டும் சமாதி. தலை நேராக, உடல் தளராமல் இருந்தும் நினைவு இல்லையென்றால் லயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, அங்கே போவதற்கு ஒரு நிமிடம் முன்பு விழித்துக்கொள்வது. வழக்கமாக இருபதாவது நிமிடம் மங்குகிறது என்றால் பதினெட்டாவது நிமிடத்துக்கு ஒரு மணி வையுங்கள். மணி அடித்ததும் கண்ணைத் திறந்து, இரண்டு மூச்சு, 'இந்த அமைதி யாருக்குத் தெரிகிறது?' என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

விசாரத்தில், அதாவது 'நான் யார்' என்று உள்ளே தேடுவதில், எல்லாரும் விழுகிற பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 'நான் யார்' என்பதை மந்திரம் மாதிரி ஜபிப்பது. அது ஜபமல்ல. ஓர் எண்ணம் எழுகிறது, இது யாருக்கு? எனக்கு. அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது? இந்த இடத்தில் கேள்வி நின்று, கவனம் அந்த 'நான்' என்ற உணர்வின் மேல் திரும்ப வேண்டும். பதில் வார்த்தையாக வந்தால், 'நான் ஆத்மா', 'நான் பிரம்மம்' என்று வந்தால், அதுவும் இன்னோர் எண்ணம்தான். இது யாருக்கு என்று மறுபடி.

புதுநடை

ரமணருக்கே குரு கிடையாது. 1896இல் 16 வயதில் வீட்டைவிட்டு வந்தவர் யாரிடம் தீட்சை வாங்கினார்? பிறகு நமக்கு மட்டும் எதற்கு ஆசிரியர், மையம், விண்ணப்பம் எல்லாம்?

கிரிவலப்பாதை

இந்த வாதம் மாதம் ஒருமுறை வருகிறது தம்பி. மனித வடிவில் குரு இல்லை என்பது உண்மை. அருணாசலத்தையே குருவாகச் சொன்னார். ஆனால் மனித குரு இல்லாதவர் என்று அவரைக் காட்டுகிறவர்கள், வந்தவர்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவரே உட்கார்ந்து சந்தேகம் தீர்த்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். அவர் வழியில் தொட்டுத் தீட்சை கிடையாது, கட்டணம் கிடையாது, வீட்டைவிட்டு வரச் சொல்வதும் கிடையாது. அந்த அளவில் உங்களுக்கு வசதிதான். ஆனால் 1950இல் அவர் மறைந்த பிறகு ஆசிரமத்தில் 'அடுத்த குரு' என்று எவரும் இல்லை. உங்கள் பயிற்சியை உட்கார்ந்து திருத்துகிற ஆள் தேவை என்றால் அங்கே அந்த ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மௌனமாக உட்கார இடம் கிடைக்கும். மலைக்கு மேலே விரூபாட்ச குகை, கந்தாச்ரமம் இரண்டிலும் பகலில் உட்காரலாம்.

திண்ணைவாசி

10 நாள் விபஸ்ஸனா பற்றிக் கேட்டிருந்தார். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல் போய் மூன்றாம் நாள் பையைத் தூக்குகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாக.

முதலில் விடுப்புக் கணக்கு. 10 நாள் என்று பெயர், 12 நாள் வேண்டும். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு பதிவு, பதினோராம் நாள் காலை ஏழு, ஏழரைக்கு வெளியே. சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம். மொத்த வலையமைப்புக்கும் தலைமை இடம் மாதிரி மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தம்ம கிரி. தங்கல், சாப்பாடு எதற்கும் கட்டணமில்லை. முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள், அதுவும் கேட்டு வாங்குவதில்லை.

காலை 4 மணிக்கு மணி. 4:30 முதல் 6:30 வரை உட்கார்வு, அப்புறம் சிற்றுண்டி. 8, 2:30, மாலை 6, இந்த மூன்று நேரத்திலும் ஒரு மணி நேரம் எல்லாரும் கூடத்தில் சேர்ந்து. 11 மணிக்கு மதிய உணவு. 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் பொரியும் மாதிரி லேசாக, ஏற்கெனவே முகாம் முடித்த பழையவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும். 7 மணிக்கு கோயங்காவின் பதிவு உரை, தமிழிலும் கேட்கலாம். 9:30க்கு விளக்கு அணையும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்வு. போன், புத்தகம், பேனா எல்லாம் முதல் நாளே ஒப்படைக்க வேண்டும். பேச்சு பத்தாம் நாள்தான். ருத்ராட்சம், ஜபம், மந்திரம், யோகாசனம், ஏற்கெனவே தெரிந்த வேறு தியானம், எல்லாவற்றுக்கும் அந்தப் பத்து நாள் விடுமுறை. நெற்றிப்பொட்டுப் பயிற்சியை அங்கே ரகசியமாகத் தொடரலாம் என்று நினைத்தால் போகவே வேண்டாம்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானம், அதாவது மூச்சைக் கவனிப்பது. கவனம் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில். மூச்சு தெரியவில்லையென்றால் நான்கைந்து மூச்சைக் கொஞ்சம் பலமாக இழுத்து விட்டு, பிறகு இயல்பான மூச்சுக்கு வந்துவிட வேண்டும். எண்ணக் கூடாது, உருவம் நினைக்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உள்ளங்கை அகலப் பகுதிகளாகக் கவனத்தை நகர்த்துவது. ஒரு பகுதியில் ஒன்றுமே தெரியவில்லையா, ஒரு நிமிடம் நில்லுங்கள், தெரியாவிட்டாலும் நகருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதுகில் தெரியாத ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போராடுவார்கள். அப்புறம் தலைவலி என்று வந்து நிற்பார்கள்.

அந்த நாளிலிருந்து மூன்று கூட்டு உட்கார்வும் அதிட்டானம். ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை கால் மாற்றாமல். இதைச் சித்திரவதை என்று எழுதுகிறவர்களும் உண்டு, வீரம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. வலியைப் பார்த்து மனம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. தாங்கவே முடியாமல் ஒருமுறை காலை மாற்றினால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.

ஏழு, எட்டாம் நாள் வாக்கில் சிலருக்கு உடல் முழுக்க மெல்லிய அதிர்வு ஒரே வீச்சில் ஓடும், கட்டியான இடமே இருக்காது. அடுத்த உட்கார்வில் அதைத் தேடுவார்கள். வராது. முழங்கால் வலி மட்டும் வரும். அந்தத் தேடல்தான் அந்த வழியில் ஆசை என்று சொல்லப்படுவது, மூன்றாம்மாடி சொன்ன பத்தாவது ஆள். மதியம் 12 முதல் 1 வரை உதவி ஆசிரியரைத் தனியாகப் பார்க்கலாம், சில நிமிடம்தான். இதை அங்கே போய்ச் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு

இழை நன்றாகப் போகிறது. நடுவில் கசப்பாக ஒன்று.

மனநல மருந்து எடுப்பவர்கள் முகாம் விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். அந்தக் கேள்வி உங்களைத் தடுக்க மட்டும் கேட்கப்படுவதல்ல. இருமுனையக் கோளாறு, மனச்சிதைவு உங்களுக்கோ நெருங்கிய உறவுக்கோ இருந்திருந்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்காரும் மௌன முகாம் முதல் படியல்ல. மருந்தை நிறுத்திவிட்டு வா என்று எந்த குரு சொன்னாலும் அந்த வாசலை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எதைப் பார்த்து நிறுத்த வேண்டும்? தொடர்ந்து மூன்று இரவு மூன்று நான்கு மணி நேரம்கூடத் தூங்காமல், அதே சமயம் களைப்பே தெரியாமல் இருப்பது. இது சித்தி அல்ல, எச்சரிக்கை. தனக்கு மட்டும் செய்தி வருவதாகத் தோன்றுவது. கை கால் தன்னுடையது அல்ல என்ற உணர்வு எழுந்த பிறகும் மணிக்கணக்கில் நீடிப்பது. சாப்பாடு இறங்காமை. இதில் ஒன்று வந்தாலும் தியானம் அன்றோடு நிறுத்தம். கண்ணைத் திறந்து வையுங்கள், வெறுங்காலோடு மண்ணில் நடங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், தெரிந்தவரோடு பேசிக்கொண்டிருங்கள். உட்கார்ந்தே சரிசெய்ய முயலாதீர்கள். அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

புதுநடை

இன்னொரு சந்தேகம். திருமூலர் 16, 64, 32 என்று சொல்லியிருக்கிறாரே? அந்தக் கணக்கில் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு உட்கார்ந்தால் சீக்கிரம் அடங்குமா?

ஆழியாற்றுக்காரர்

மாத்திரைக் கணக்கு, அதாவது மூச்சை எண்ணும் அளவு, சரி. இடப்பக்கம் பதினாறு இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டு விடுவது. அது உச்சி, தொடக்கம் அல்ல. முதல் நாளே 64 நிறுத்தினால் அடுத்த மூச்சைப் பதறி இழுப்பீர்கள், நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பைப் 'பிராணன் ஏறுகிறது' என்று நினைப்பீர்கள். நிறுத்தாமல் 4 இழுத்து 8 விடுங்கள், ஒரு வேளைக்கு ஒன்பது சுற்று. விடும் மூச்சின் கடைசி இரண்டு எண்ணிக்கை தள்ளாமல் தானாக வழுக்கிக்கொண்டு போனால்தான் அளவு சரி. மூச்சை நிறுத்தும் கும்பகம் நேரில் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். இரத்த அழுத்தக்காரர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகளுக்கு மூச்சை அடக்குவது வேண்டவே வேண்டாம்.

கேள்விக்குறி

ஆசிரியரிடம் போனால் என்ன சொல்வது என்றே பலருக்குத் தெரிவதில்லை. 'நன்றாக இருந்தது', 'சரியாக உட்கார முடியவில்லை', இந்த இரண்டுதான் வருகிறது. எப்படிச் சொல்ல வேண்டும்?

மூன்றாம்மாடி

நல்ல கேள்வி. மஹாசி மையங்களில் இதற்கு ஒரு வடிவமே உண்டு. மூன்று வாக்கியம். என்ன எழுந்தது, அதை எப்படிக் கவனித்தேன், கவனித்ததும் அதற்கு என்ன ஆனது.

உதாரணம்: 'வயிறு எழுந்தது. உயர்தல் என்று குறித்தேன். ஒரே இழுவையாக இல்லாமல் மூன்று துண்டு இறுக்கமாகத் தெரிந்து மறைந்தது.' இன்னொன்று: 'வலது முழங்காலில் வலி. வலி, வலி என்று குறித்தேன். குறைய வேண்டும் என்று குறித்தேன், அதனால் கூடியது.' இரண்டாவதைச் சொன்னால் ஆசிரியருக்கு உடனே பிடி கிடைத்துவிடும். வலி போகட்டும் என்பதற்காகக் குறிப்பது ஒரு தந்திரம், கவனிப்பு இல்லை என்று அங்கேயே திருத்துவார். 'பேரானந்தமாக இருந்தது ஐயா' என்றால் அவர் தலையாட்டுவார். அவ்வளவுதான் செய்ய முடியும்.

விளக்கம், தத்துவம், படித்தது, முந்தின வருடம் வந்தது எதுவும் வேண்டாம். உட்கார்வு முடிந்த உடனே இரண்டு வரி மனதில் அடுக்கிக்கொள்ளுங்கள். பேனா அனுமதிக்கிற இடம் என்றால் ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள், இல்லையென்றால் உட்காரும்போதே அறிக்கை எழுதத் தொடங்கிவிடும் மனம்.

திண்ணைவாசி

ஆசிரியரையும் சோதிக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள், நேராகப் பதில் வரவேண்டும். கோயங்கா வழியில் கேட்டால் அவருக்கு சயாஜி ஊ பா கின், அவருக்கு சயா தெட்ஜி, அவருக்கு லெடி சயடா என்று தொடர் சொல்லலாம். 'எனக்குத் தெரியாது' என்று அவர் எப்போதாவது சொல்கிறாரா பாருங்கள். அடுத்த நிலைக்கு அடுத்த தொகை என்றால், வீட்டாரிடம் சொல்லாதே என்றால், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தீட்சை என்றால், விவாதம் செய்துகொண்டு நிற்க வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

நெறியாளர்

குறிப்பிட்ட சாமியார்களின் பெயரைப் போட்டு 'இவர் எப்படி' என்று கேட்ட நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். முறையைப் பேசுங்கள், ஆளை வேண்டாம்.

கேள்விக்குறி

நன்றி. கேட்டவரையில் இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஆக்கினை நிறுத்தம், இரண்டு வாரம் பதினைந்து நிமிடம் கீழே, மறுபடி நீளமாக உட்காரும்போது பதினெட்டாவது நிமிட மணி, மூன்று வரிக் குறிப்பு. அது அடங்கிய பிறகு ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து நேரில். கடைசியாகச் சின்னது ஒன்று. கால் மரத்துப்போகிறது, எழுந்தால் நிற்க முடியவில்லை. இதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

ஆழியாற்றுக்காரர்

அர்த்தம் இல்லை, தலையணை உயரம் போதவில்லை. நரம்பு அழுந்துகிறது. இடுப்பு முழங்காலைவிட நான்கு, ஐந்து விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். போர்வையை நான்காக மடித்து, விளிம்பில் உட்காருங்கள், நடுவில் அல்ல. முழங்கால் இரண்டும் தரையைத் தொட வேண்டும், தொங்கினால் அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். மரத்த காலோடு சட்டென்று எழாதீர்கள், கணுக்கால் மடங்கி விழுவீர்கள். நீட்டி, விரலை அசைத்து, சுரணை வந்த பிறகு எழுங்கள். முழங்காலின் உட்பக்கம் குத்துகிற வலி மட்டும் வேறு. அதைச் சகித்து உட்கார வேண்டாம், நாற்காலிக்குப் போய்விடுங்கள். மன்றத்திலும் நாற்காலி உண்டு, விபஸ்ஸனா கூடத்திலும் கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்விக்குறி

விளிம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் எழுதுகிறேன்.